கரண்டி பிடித்த கைக்கு மட்டுமா பக்குவம்?

வீட்டில் பியர் காய்ச்சும் அமெரிக்கர்களிடையே ஒரு தீர்ப்பு வெகுகாலமாகப் புழங்கிவருகிறது. பம்ப், சென்சார், கன்ட்ரோலர் எல்லாம் பொருத்தித் தன் வேலையை ஒருவர் தானியங்கியாக்கிவிட்டால், அதற்குப் பிறகு பியர் காய்ச்சுவது அவர் இல்லையாம், இயந்திரமாம். அவர் பொத்தானை அமுக்குகிறார், அத்தோடு சரி. கையால் கிண்டி, மூக்கால் மோந்து, கண்ணால் பதம் பார்த்துச் செய்தால்தான் கைத்தொழில். இல்லையென்றால் கடைக்குப் போய் ஆறு பாட்டில் வாங்கிவந்துவிடலாமே என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்கள் அரைகுறைகள் இல்லை. பல வருடம் காய்ச்சிப் பழகியவர்கள், புதிதாக வருபவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லித்தருபவர்கள். அதனாலேயே இந்தத் தீர்ப்பை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. நான் எதிர்க்கிறேன். பியரில் திறமை எங்கே இருக்கிறது என்பதை இந்தத் தீர்ப்பு தவறான இடத்தில் தேடுகிறது. தேடிய இடத்தில் இல்லாததால், திறமையே போய்விட்டது என்று புலம்புகிறது.

வீட்டில் காய்ச்சுவது என்றதும் நம் ஊரில் சாராயம்தான் நினைவுக்கு வரும் என்பதால் ஒரு விளக்கம். சாராயம் வடித்து எடுப்பது. பியர் அப்படியில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு நொதிக்கவிடுவது. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி இரண்டையுமே வீட்டில் செய்யக் கூடாது. அமெரிக்காவில் பியருக்கு 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. பெரியவர்கள் இரண்டு பேர் உள்ள வீடு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது 757 லிட்டர் அளவுக்கு, வரியில்லாமல் தனக்காகக் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக இணங்கின. கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் ஒப்புக்கொண்டன. கொலராடோவின் போல்டர் நகரில் சார்லி பபாசியன் ஒரு நண்பரோடு சேர்ந்து அதே 1978இல் தொடங்கிய சங்கமும், 1984இல் வந்த அவருடைய புத்தகமும் ஒரு தலைமுறையையே அடுப்படிக்கு அழைத்துவந்தன. பெரிய பாத்திரம், நீளக் கரண்டி, கையில் ஒரு தெர்மாமீட்டர் என்று அந்தத் தலைமுறையின் மனத்தில் பதிந்துபோன ஒரு படம் உண்டு. அந்தப் படத்தின் மேல் உள்ள பிரியம்தான் இன்றைய தீர்ப்புக்கு வேர். பிரியத்தில் குற்றமில்லை. அதை அளவுகோலாக்குவதில்தான் கோளாறு.

அந்தக் கரண்டி உண்மையில் என்ன செய்கிறது?

பார்லி மால்ட்டில் மாவுச்சத்து இருக்கிறது. அதைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளும் அந்தத் தானியத்திலேயே இருக்கின்றன. நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் கலந்து ஒரு மணி நேரம் போல வைத்திருந்தால் நொதிகள் தம் வேலையை முடித்துவிடும். இந்தக் கட்டத்துக்கு மாஷ் என்று பெயர். இதில் இரண்டு நொதிகள் முக்கியம். பீட்டா அமிலேஸ் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் நன்றாக வேலை செய்யும். ஈஸ்ட் ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்றுதீர்க்கும் சர்க்கரையைத் தரும். ஆல்ஃபா அமிலேஸுக்கு 70 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அது உடைத்துப்போடும் துண்டுகளில் பலவற்றை ஈஸ்ட்டால் தொட முடியாது, அவை பியரிலேயே தங்கி அதற்குக் கனம் கொடுக்கும். மாஷை 64 டிகிரியில் வைத்தால் வறண்ட, லேசான பியர் கிடைக்கும். அதே தானியம், அதே தண்ணீர், 69 டிகிரியில் வைத்தால் வாயில் கனத்து நிற்கும் பியர்.

கையால் செய்பவர் அந்த ஒரு மணி நேரம் என்ன செய்கிறார்? மூடியைத் திறக்கிறார், இரண்டு டிகிரி இறங்கியிருக்கிறது. அடுப்பைக் கூட்டிக் கிண்டுகிறார்; மூன்று டிகிரி ஏறிவிடுகிறது. கொஞ்சம் பச்சைத்தண்ணீர் ஊற்றுகிறார். பாத்திரத்தின் அடியில் ஒரு சூடு, மேலே ஒரு சூடு, ஓரத்தில் இன்னொரு சூடு. கவனமும் உழைப்பும் இதில் இருக்கின்றன, இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் இந்தப் பியருக்கு 66 டிகிரி வேண்டும் என்று முடிவெடுத்தது ஒரு வேலை, சூடு 66ஐ விட்டு நகராமல் பார்த்துக்கொள்வது வேறு வேலை. முதல் வேலைக்குத் தானியம் தெரிய வேண்டும், ஈஸ்ட் தெரிய வேண்டும், நாக்கு தெரிய வேண்டும். இரண்டாவது வேலை காவல். நம் வீடுகளில் ஆட்டுக்கல் இருந்த இடத்துக்குக் கிரைண்டர் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இட்லி பூப்போல வந்தால் யாரும் கிரைண்டரைப் பாராட்டுவதில்லை. எத்தனை பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு உளுந்து, எப்போது தண்ணீர் தெளிப்பது, எந்தப் பதத்தில் வழிப்பது, மார்கழிக் குளிரில் மாவை எங்கே வைத்துப் புளிக்கவிடுவது என்றெல்லாம் தெரிந்தவரைத்தான் பாராட்டுகிறோம். பியருக்கு மட்டும் கல்லைச் சுற்றிய கைதான் சமைத்தது என்று ஏன் அடம்பிடிக்க வேண்டும்?

சரி, அந்தக் காவல் வேலையை ஏற்றுக்கொள்ளும் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் பி.ஐ.டி. என்ற கட்டுப்பாட்டு முறை. அதன் கணிதத்தை 1922இல் எழுதிவைத்தவர் நிக்கோலாஸ் மினோர்ஸ்கி. கப்பலைத் தானாகத் திசைமாறாமல் செலுத்துவது எப்படி என்பது அவருடைய கேள்வி. பதிலுக்கு அவர் போய்க் கவனித்தது சுக்கான் பிடித்த மாலுமிகளை. கப்பல் இந்தக் கணம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து நல்ல மாலுமி சுக்கானைத் திருப்புவதில்லை. இவ்வளவு நேரம் எந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்பதையும், இப்போது எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறான். நிகழ்கால விலகல், சேர்ந்துபோன விலகல், மாறும் வேகம் என்ற மூன்றையும் கணக்காக்கினால் கிடைப்பதுதான் பி.ஐ.டி. கைப்பக்குவத்தின் எதிரி என்று பழிக்கப்படும் இந்தச் சூத்திரம், ஒரு கைப்பக்குவத்தை மணிக்கணக்கில் உற்றுப் பார்த்து அதன் உள்ளோட்டத்தைப் புரிந்துகொண்டதால் பிறந்தது. கையை அவமதித்தவர்கள் யாரும் இதை எழுதியிருக்க முடியாது.

இதை வீட்டில் கட்டுவது என்ன மாதிரியான வேலை என்று பார்க்காதவர்கள்தான் பொத்தான் அமுக்குவதாகப் பேசுகிறார்கள். ஆரெகன் மாநிலத்தில் போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் ஒரு லாரி மெக்கானிக்கின் கராஜில் நான் பார்த்த அமைப்பைச் சொல்கிறேன். வரிசையாக மூன்று ஸ்டீல் பாத்திரங்கள். முதல் பாத்திரத்தில் வெந்நீர். 240 வோல்ட்டில் ஓடும் 5,500 வாட் ஹீட்டர் அதில்தான் மூழ்கியிருக்கிறது. அந்த வெந்நீருக்குள் ஒரு ஸ்டீல் குழாய்ச் சுருள். நடுப் பாத்திரத்தில் மாஷ். அதன் அடியிலிருந்து வடியும் சாற்றைப் பம்ப் இழுத்துச் சுருளுக்குள் ஓட்டி, மறுபடி தானியத்தின் தலையில் ஊற்றுகிறது. சாறு ஹீட்டரைத் தொடுவதே இல்லை; சுருளின் வழியாகத்தான் சூடு வாங்கிக்கொள்கிறது. மூன்றாவது பாத்திரம் கொதிக்கவைக்க.

கேட்பதற்கு எளிது. சென்சாரை எங்கே வைப்பது என்ற முதல் கேள்வியிலேயே எளிமை போய்விடுகிறது. மெக்கானிக் முதலில் அதைத் தானியத்தின் நடுவில் வைத்தார். மாஷின் சூடுதானே வேண்டும், அதை அங்கேயே அளப்பதுதானே நியாயம் என்று நினைத்தார். ஆனால் வெந்நீரின் சூடு சுருளுக்குள் போய், சாற்றில் ஏறி, தானியம் முழுக்க இறங்கி, நடுவில் உள்ள சென்சாரை எட்டுவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. சென்சார் இன்னும் 64 என்று சொல்லிக்கொண்டிருக்கும், கன்ட்ரோலர் ஹீட்டரை விடாமல் எரிக்கும். அது 66 என்று சொல்லும்போது வெந்நீர் எங்கோ போயிருக்கும், மாஷ் 70ஐத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் பீட்டா அமிலேஸ் சீக்கிரமே செத்துப்போகும், திரும்ப உயிர்ப்பிக்க வழியில்லை. சுருளை விட்டுச் சாறு வெளியே வரும் இடத்துக்குச் சென்சாரை மாற்றினார். அங்கே 66 அசையாமல் நின்றது. ஆனால் தானியத்தின் நடுப்பகுதி அந்தச் சூட்டுக்கு வந்துசேரக் கால் மணி நேரம் பிடித்தது, ரப்பர் குழாயில் போகிற வழியிலேயே கொஞ்சம் சூடு தொலைந்தது. ஆக ஒரு சென்சார் போதாது என்று தெரிந்தது. ஒன்று மாஷின் நிலையைச் சொல்ல, இன்னொன்று வெளியே வரும் சாறு ஒரு வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள.

அடுத்தது பம்ப். வேகமாக ஓட்டினால் சூடு சீராகப் பரவும் என்று தோன்றும். வேகம் கூடினால் தானியம் அடியில் உள்ள சல்லடை மேல் அழுந்தி இறுகிப்போய், சாறு வடிவதே நின்றுவிடும். பம்ப் காற்றை இழுக்க ஆரம்பித்ததும் அதன் சத்தம் மாறும். அந்த மெக்கானிக் அந்தச் சத்தத்தைக் கேட்டே வால்வைப் பாதிக்கு மூடுவார், குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து ஓட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அதையே ப்ரோகிராமில் எழுதினார்: ஓட்டம் நின்றால் ஹீட்டரை அணை, மணி அடி, ஆள் வந்து பார்க்கும்வரை மறுபடி தொடங்காதே. அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இப்படிக் கையாலும் காதாலும் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் இருந்தது. தனக்குத் தெரியாத ஒன்றை யாராலும் ப்ரோகிராமாக எழுத முடியாது. ‘கொஞ்சம் சூடு குறைந்த மாதிரி இருந்தால் கூட்டு’ என்று கன்ட்ரோலரிடம் சொல்ல முடியாது. கொஞ்சம் என்றால் எவ்வளவு, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் பொறுத்து என்று அது கேட்கும். கரண்டி பிடித்தவருக்கு அந்தக் கேள்விகளைச் சந்திக்காமலேயே காலம் தள்ள வசதி உண்டு. கட்டுபவருக்கு அந்த வசதி கிடையாது.

இவ்வளவுக்கும் மாஷ் ஒரு மணி நேர விஷயம். பியரின் தலையெழுத்து அதற்குப் பிறகு, யாரும் பக்கத்தில் இல்லாத நாட்களில் எழுதப்படுகிறது. ஈஸ்ட் வேலை செய்யும்போது சூட்டை வெளியிடும். அறையின் சூட்டைவிட மூன்று நான்கு டிகிரி தானாகவே கூடிவிடும். ஏல் வகைப் பியரை 18 முதல் 20 டிகிரிக்குள் நொதிக்கவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளில் அது 25, 26 என்று ஏறிப்போனால் கரைப்பான் நெடியும் நெஞ்சைச் சுடும் கனமான ஆல்கஹால்களும் சேர்ந்துவிடும். பிறகு எத்தனை வாரம் வைத்திருந்தாலும் அவை முழுசாகப் போவதில்லை. லாகர் வகைக்கு 10, 12 டிகிரி வேண்டும். முடியும் தறுவாயில் கொஞ்சம் சூடேற்றி, வெண்ணெய் வாசனை தரும் டயசெட்டைலை ஈஸ்ட்டே தின்றுவிடும்படி செய்ய வேண்டும். நடு ராத்திரி மூன்று மணிக்கு எந்தக் கைப்பக்குவம் எழுந்து வந்து இதைக் கவனிக்கும்? அதனால்தான் பழைய ஃப்ரிஜ் ஒன்றை வாங்கி, அதன் பிளக்கை ஒரு தெர்மோஸ்டாட்டில் செருகிவைக்கிறார்கள். தானியங்கியை இகழும் மூத்தவர்களின் வீட்டிலும் இந்த ஃப்ரிஜ் இருக்கிறது. அங்கே காவலை இயந்திரத்திடம் கொடுத்தது குற்றமில்லை என்றால் மாஷில் கொடுத்தது மட்டும் எப்படிக் குற்றமாகும்? இந்தக் கேள்விக்கு நான் இதுவரை ஒழுங்கான பதில் கேட்டதில்லை. சுருதி கொஞ்சம் இறங்கி, ‘அது வேற’ என்பார்கள். எப்படி வேறு?

அந்த ஃப்ரிஜ்ஜிலும் அறிவுக்கு வேலை உண்டு. சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால் பியரின் சூட்டை அது சொல்லாது. கதவைத் திறந்து மூடினாலே கம்ப்ரசர் கிளம்பிவிடும். பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி மேலே ஃபோம் சுற்ற வேண்டும், அல்லது மூடி வழியாகப் பியருக்குள் இறங்கும் ஸ்டீல் குழலுக்குள் வைக்க வேண்டும். கம்ப்ரசரை அணைத்த உடனே திரும்பப் போட்டால் அது சீக்கிரம் பாழாகும்; நடுவே சில நிமிடம் கட்டாய ஓய்வு கொடுக்க வேண்டும். நெதர்லாந்தில் தொடங்கிய ப்ரூபை என்ற திட்டம் ஆர்டுயினோ, ராஸ்பெர்ரி பை என்ற இரு சிறு கணினி போர்டுகளை இணைத்து இந்த வேலைக்கென்றே ஒரு கன்ட்ரோலரை உருவாக்கி, நிரலை எல்லோரும் பார்க்கத் திறந்துவைத்தது. ஜெர்மனியிலிருந்து வந்த க்ராஃப்ட்பியர்பையும் அப்படித்தான். அந்த நிரல்களைத் திறந்து படித்தால் ஈஸ்ட்டைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

மரபு என்று ஒரு வாதம் வருகிறது. நூற்றாண்டுகளாகக் கையால்தான் காய்ச்சினார்கள் என்கிறார்கள். வரலாற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெந்நீரின் பதத்தை அறிய, ஆவி விலகி நீரில் முகம் தெரியும்வரை காத்திருந்தார்கள். 1758இல் மைக்கேல் கோம்ப்ரூன் தெர்மாமீட்டரைக் கொண்டு காய்ச்சுவதைப் பற்றி எழுதினார். ஹாம்ப்ஷயரில் ஆல்டன் என்ற ஊரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் அந்தக் கருவியை அப்பாவுக்குத் தெரியாமல் மறைத்துவைத்துத்தான் பயன்படுத்த முடிந்தது. இந்தப் புதுமையெல்லாம் தன் ஆலைக்குள் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. பிறகு ஜேம்ஸ் சாற்றின் அடர்த்தியை அளக்க ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு லண்டனின் பெரிய பியர் முதலாளி சாமுவேல் விட்பிரெட்டிடம் போனார். வேண்டாத வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்ற தொனியில் விட்பிரெட் திருப்பி அனுப்பிவிட்டார். 1784இல் ஜான் ரிச்சர்ட்சன் அதே வகைக் கருவியைப் பற்றி நூல் எழுதினார். அடுத்த தலைமுறைக்குள் பெரிய ஆலைகளில் அது சாதாரணப் பொருளாகிவிட்டது. பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட்டில் எவ்வளவு அதிகமாகச் சாறு கிடைக்கிறது என்று எண்ணாகக் காட்டி, போர்ட்டர் என்ற பியரின் கலவையையே அந்தக் கருவி மாற்றியது. இன்று கரண்டியின் பெருமை பேசுபவரின் மற்றொரு கையில் இருப்பது அந்த ஹைட்ரோமீட்டர்தான். பேவர்ஸ்டாக்கின் அப்பா பேசிய வார்த்தைகளைத்தான் அவர் இப்போது அடுத்த கருவியை நோக்கிப் பேசுகிறார்.

அந்த அப்பாவையும் விட்பிரெட்டையும் போலன்றி, பியர்க்காரர்களில் பலர் அளவீட்டின் பக்கம் நின்றவர்கள். சால்ஃபோர்டில் அப்பாவின் ஆலையில் வளர்ந்த ஜேம்ஸ் ஜூல், ஒரு ஃபாரன்ஹீட் டிகிரியில் 200இல் ஒரு பங்கு மாற்றத்தையும் படிக்க முடியும் என்றவர். வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்று 1840களில் அவர் காட்டியதற்கு அந்தக் கண் தேவைப்பட்டது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் 1883இல் எமில் ஹான்சன் ஒரே ஈஸ்ட் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தார். 1909இல் அதே ஆய்வகத்தின் சோரன்சன் அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் அளவுகோலைத் தந்தார். இவற்றில் எதையும் விட்டுவிட்டு எந்த மரபை மீட்கப்போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பார்லியிலும் ஹாப்ஸிலும் அவருக்குக் கிடைத்த சோதனைகள் எண்ணிக்கையில் குறைவு. குறைந்த சோதனைகளை வைத்து எவ்வளவு நம்பிக்கையோடு முடிவுக்கு வரலாம் என்ற கேள்விக்கு அவர் 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரை இன்றைய புள்ளியியலின் தூண்களில் ஒன்று. வீட்டில் காய்ச்சுபவர் நிலையும் கோசெட்டின் நிலைதான், இன்னும் மோசம். மாதத்துக்கு ஒரு தடவை காய்ச்சுகிறார். ஹாப்ஸை மாற்றியதால் கசப்பு மாறியதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் போன தடவை மாஷ் 65இல் இருந்தது, இந்தத் தடவை 68க்குப் போய்வந்தது, நொதிக்கும்போது அறை சூடாக இருந்தது. வித்தியாசம் எதனால் வந்தது? சொல்லவே முடியாது. மற்றதெல்லாம் அசையாமல் நின்றால்தான் மாற்றிய ஒன்றின் விளைவு நாக்குக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் வேறுவேறாக வருவதைக் கைமணம் என்று கொண்டாடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கற்றுக்கொள்ளும் வாசலை அவர்களே அடைத்துக்கொள்கிறார்கள். காவலை இயந்திரத்திடம் விட்டவர் தண்ணீரின் கால்சியம், மாஷின் பிஎச் 5.2இல் இருக்கிறதா 5.5இல் இருக்கிறதா, எந்த ஈஸ்ட், கொதியில் எந்த நிமிடத்தில் ஹாப்ஸ் என்பவற்றில் மனத்தைச் செலுத்துகிறார். கைத்தொழில் என்றால் எனக்கு இதுதான்.

எதிர்த்தரப்பிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது; அதைத் தாண்டிப் போகக் கூடாது. கடையில் விற்கும் இயந்திரங்கள். பொட்டலத்தைச் செருகு, பொத்தானை அமுக்கு, சில நாளில் பியர் என்று விளம்பரம். எல்ஜி நிறுவனம் 2019இல் கேப்ஸ்யூல் போட்டு இயங்கும் ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. சியாட்டிலின் பைக்கோப்ரூ 2013இல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பணம் திரட்டிப் புகழ்பெற்றது. அதன் பிந்தைய இயந்திரங்களில் பொட்டலத்தை வைத்ததும், செய்முறையை இணையத்தின் வழியே நிறுவனத்தின் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும். தானியம் எது, சூடு எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று எதையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. இங்கே பொத்தான் அமுக்குகிறார் என்ற வசை பொருந்தும், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஜெர்மனியின் ஸ்பைடல் விற்கும் ப்ராவ்மைஸ்டர், நியூசிலாந்தின் கிரெய்ன்ஃபாதர் போன்றவை வேறு ரகம். சூட்டையும் நேரத்தையும் காய்ச்சுபவரே முடிவு செய்ய வேண்டும், தானியத்தை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பைக்கோப்ரூவுக்கு அப்புறம் என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். 2020இல் நிறுவனம் நொடித்துப்போனது. சர்வர் நின்றால், நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய இயந்திரம் அடுக்களை மேடையில் வெறும் பெட்டி. அப்போது கை கொடுத்தது யார்? இயந்திரத்துக்கும் சர்வருக்கும் இடையே ஓடும் செய்திகளை வழிமறித்துப் படித்து, அந்தப் பேச்சைப் புரிந்துகொண்டு, ஒரு ராஸ்பெர்ரி பையிலேயே ஓடக்கூடிய மாற்றுச் சர்வரை எழுதி இலவசமாகக் கொடுத்தவர்கள், கருவி கட்டும் வீட்டுக்காரர்கள். அதன்பின் அந்த இயந்திரத்தில் சொந்தச் செய்முறையை ஏற்றவும் முடிந்தது. பூட்டிவைத்த பெட்டியை வாங்குவதும், பெட்டியைக் கட்டுவதும் எதிரெதிர் காரியங்கள். தானியங்கி என்ற ஒரே பெயருக்குள் இரண்டையும் அடைத்து இரண்டின் மேலும் ஒரே கல்லை எறிவதுதான் இந்தத் தீர்ப்பின் பெரிய அநியாயம்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற இன்னொரு குற்றச்சாட்டு சில பளபளக்கும் கராஜ்களுக்குப் பொருந்தலாம். ஒரு மலிவான சென்சார், ஒரு ரிலே, ஒரு சிறு போர்டு, பழைய ஃப்ரிஜ் என்று தொடங்குபவர்களுக்குப் பொருந்தாது.

உடம்பைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் கைத்தொழிலின் மேன்மை பேசுபவர்கள் இதைப் பேசுவதில்லை. வழக்கமான ஒரு காய்ச்சலுக்கு 19 லிட்டர் பியர். அதற்குக் கொதிக்கவைக்கும் சாறு 25 லிட்டருக்கு மேல். பாத்திரத்தோடு 30 கிலோவைத் தொடும். அதைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்கி இடம் மாற்றுகிறவர்கள் உண்டு. அதில் வெந்துபோனவர்கள் உண்டு. முதுகுத்தண்டில் பிரச்சினை உள்ளவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், எழுபதைக் கடந்தவர் இவர்களெல்லாம் ஒரு பம்ப் இருந்தால் காய்ச்சலாம், இல்லாவிட்டால் முடியாது. கைக்குழந்தை உள்ள தாயோ தகப்பனோ ஐந்தாறு மணி நேரம் பாத்திரத்தின் முன்னால் கட்டிப்போட்டது போல நிற்க முடியாது. விடிவதற்கு முன் தண்ணீர் தானாகச் சூடாகியிருந்தால் அவர்களுக்கு அந்த நாள் கைகூடும். இவர்களிடம் போய், நீங்கள் காய்ச்சுவது பியரே இல்லை என்று சொல்லும் துணிச்சல் எனக்குப் பிடிக்கவில்லை.

போட்டிகளுக்கு அனுப்பப்படும் பியர் அடையாளமில்லாத பாட்டிலில் நடுவர் மேசைக்குப் போகிறது; கையால் செய்ததா, இயந்திரத்தால் செய்ததா என்று அதில் எழுதியிருக்காது. அமெரிக்காவில் வழக்கமாகப் பின்பற்றும் மதிப்பெண் முறையில் மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. அங்கே நடுவராக உட்காரும் மூத்தவர்கள் அந்தக் கண்ணாடிக் குவளையை மோந்து, சுவைத்து, நேர்மையாக எண் போடுகிறார்கள். அந்த நேர்மையை மேசையை விட்டு எழுந்த பிறகும் வைத்திருக்கலாமே என்பதுதான் நான் கேட்பது.

கருவி கட்டுபவர்களைக் கறாராகக் கேட்க வேண்டிய கேள்விகள் நிஜமாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்காமல் பொத்தானைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பரவலாகப் பயன்படும் டிஎஸ்18பி20 சென்சாரின் ஒயர் அறுந்தால், பலரும் உபயோகிக்கும் ஆர்டுயினோ நிரல்தொகுப்பு சூடு மைனஸ் 127 டிகிரி என்று சொல்லும். யோசிக்காமல் எழுதிய ப்ரோகிராம் அதை நம்பி, பாத்திரம் உறைந்துகிடக்கிறது என்று ஹீட்டரை முழு வேகத்தில் எரிக்கும். உங்கள் ப்ரோகிராம் என்ன செய்யும்? ஹீட்டரை இயக்கும் சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டால் பெரும்பாலும் அணைந்த நிலையில் கெடாது, எரியும் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் அணை என்று எத்தனை தடவை சொன்னாலும் 5,500 வாட் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கைச் சுவிட்சால் மின்சாரத்தையே துண்டிக்க ஒரு கான்டாக்டர் வைத்திருக்கிறீர்களா? ஈரத் தரையில் 240 வோல்ட்டோடு வேலை செய்யும் இடத்தில், கசிவு தெரிந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் இருக்கிறதா, பாத்திரங்களுக்கெல்லாம் எர்த் போட்டிருக்கிறதா? இவற்றைக் கேட்கத் தகுதி உள்ளவர்கள், கருகிய சாற்றின் நாற்றமும் நின்றுபோன பம்ப்பின் சத்தமும் பழக்கமான மூத்தவர்கள்தான். அவர்கள் அந்தக் கராஜ்களுக்குள் போய், பேனலின் கதவைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு ஒயராகக் கேட்க வேண்டும்.